போனியும் போணியும்: 300 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பழைய அகராதி

கடைக்காரர் 450 ரூபாய் சொன்னார். சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் அப்போதுதான் கடையைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார். நான் 250க்குக் கேட்டேன். "முதல் போணிம்மா, தட்டிக் கழிக்க மனசில்லை, 300 கொடுங்க" என்றார். கொடுத்தேன். நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். ஊருக்குத் திரும்ப ரயிலேறும்போது பையில் நல்ல ஒரு கனம் ஏறியிருந்தது: ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி, 7ஆம் பதிப்பு, 2005ஆம் ஆண்டு வெளியீடு. அதன் பிறகு 3 பதிப்புகள் வந்துவிட்டன, கடைசியாக 2020இல் 10ஆவது. எனக்கு 7 போதும். ஏன் போதும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கடைக்காரர் 'போணி' என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்த அகராதியைத் தேடி நான் போனதே 'போனி' என்ற இன்னொரு சொல்லால்தான். எலும்பைக் குறிக்கும் 'போன்' என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒரு 'இ' சேர்த்தால் வரும் பெயரடை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அர்த்தம் சொல்லிவிடும் என்று நினைக்கத் தோன்றும் சொல். எனக்கு அது மூன்று முறை காலை வாரிவிட்டது.

நான் நாகர்கோவிலில் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு செய்கிறேன். இலக்கியம் எல்லாம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், மிக்ஸி வாங்கினால் கூட வரும் குறிப்பு, ஆஸ்பத்திரித் துண்டுப் பிரசுரம், இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. இரண்டு வருடமாக ஒரு இலவச அகராதிச் செயலியை நம்பி வந்தேன். பெயர் வேண்டாம். விளம்பரத்துக்கு நடுவே அர்த்தம் காட்டும் ரகம். ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுக்கும். 'போனி' என்று தட்டினால் 'எலும்புள்ள' என்றது.

முதல் சறுக்கல், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்வது பற்றிய 4 பக்கத் துண்டுப் பிரசுரம். 'போனி ஏரியாஸ்' மேல் இருக்கும் தோலைத் தினமும் கவனியுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நாளைக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்தியிருந்தார்கள். செயலி சொன்னதை நம்பி 'எலும்புள்ள பகுதிகளில் தோலைத் தினமும் கவனியுங்கள்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் அந்த வார்டு நர்ஸ் போன் செய்தார்.

"அக்கா, ஒரு சந்தேகம். உடம்புல எலும்பில்லாத பகுதி எது?"

யோசித்தேன். காது மடல். நாக்கு. நரம்பில்லாத நாக்கு என்று ஏசுவோமே, அதற்குள் எலும்பும் கிடையாது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இரண்டாவது, மீன். குழந்தைகளுக்கான சமையல் குறிப்புகளில் 'போனி ஃபிஷ்' தவிர்க்கவும் என்று இருந்தது. செயலி வாக்கை மீறாமல் 'எலும்பு மீன்களைத் தவிர்க்கவும்' என்று தட்டச்சு செய்தேன். அடுப்படியில் சாளை உரசிக்கொண்டிருந்த என் மாமியார், திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "மக்ளே, மீன்ல எலும்பு எங்க கெடக்கு? முள்ளுல்லா கெடக்கு!"

வாஸ்தவம். தமிழில் ஆட்டுக்கும் கோழிக்கும் எலும்பு, மீனுக்கு முள். யாராவது 'தொண்டையில் மீன் எலும்பு சிக்கிக்கொண்டது' என்றால் எந்த ஊர்க்காரர் என்று திரும்பிப் பார்ப்போம். ஆங்கிலத்துக்கு இரண்டும் 'போன்'தான். அங்கே முள் என்றால் ரோஜாச் செடியில் இருப்பது. இந்த வித்தியாசம் தெரியாமல் 40 வயது வரை ஒருத்தி மீன் தின்றிருக்கிறாள் என்பதில்லை. நன்றாகத் தெரியும். ஆனால் செயலியைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது விரலுக்கு அது தெரியவில்லை. அதுதான் ஒற்றைச் சொல் அகராதிகளின் ஆபத்து, நமக்குத் தெரிந்ததையும் மறக்கடித்துவிடும்.

சரி, மூன்றாவதை அகராதிக்குள் போய்ச் சொல்கிறேன்.

இந்த ஆக்ஸ்போர்டு அகராதி ஆங்கிலத்தில் பிறந்தவர்களுக்காக எழுதியது அல்ல. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அங்கே மாணவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இருவருடன் சேர்ந்து ஓர் அகராதி தொகுத்தார். 1942இல் டோக்கியோவில் முதலில் வந்தது. 1948இல் ஆக்ஸ்போர்டு அதை எடுத்து வெளியிட்டது. ஆக, அந்நிய மொழிக்காரன் எங்கே வழுக்குவான் என்ற கணக்கு இதன் பிறப்பிலேயே இருக்கிறது. ஜப்பான்காரனுக்குப் போட்ட கைப்பிடிச் சுவர் நாகர்கோவில்காரிக்கும் பயன்படுகிறது.

'போனி'யை எடுத்துப் பாருங்கள். மூன்று பொருள். எனக்குப் பிடித்தது அந்தப் பொருள்கள்கூட இல்லை, அவற்றின் முன்னால் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கும் சின்னக் குறிப்பு. முதல் பொருளுக்கு முன் 'ஆளை அல்லது உடல் உறுப்பைச் சொல்லும்போது' என்ற மாதிரி ஒரு குறிப்பு. தோலுக்கடியில் எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்த என்று அர்த்தம். இரண்டாவதற்கு முன் 'மீனைச் சொல்லும்போது'. சின்னச் சின்ன முள் நிறைய உள்ள. மூன்றாவது, எலும்பால் ஆன, எலும்பு போன்ற. அவ்வளவுதான், நாலைந்து வரி. என் செயலி எப்போதும் சொல்லாத விஷயம் அந்த அடைப்புக்குறிக்குள் இருந்தது: எதைப் பற்றிப் பேசுகிறாய் என்று முதலில் பார், அப்புறம் அர்த்தத்துக்கு வா.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் வாலில் ஒரு 'இ' ஒட்டினால் அது நிறைந்தது, அதனால் ஆனது, அதைப் போன்றது எல்லாமே ஆகிவிடும். கல்லோடு 'இ' சேர்த்த 'ஸ்டோனி' கல் நிறைந்த பாதைக்கும் வரும், கல் போல இறுகிய முகத்துக்கும் வரும். தண்ணீரோடு சேர்த்த 'வாட்டரி' நீர்த்துப்போன சாம்பாருக்கும் கலங்கிய கண்ணுக்கும் வரும். தமிழில் அப்படி எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி கிடையாது. கல்லும் முள்ளுமான பாதை வேறு, கல்லாய்ச் சமைந்த முகம் வேறு. ஒவ்வொரு முறையும் எந்த 'இ' என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது சறுக்கல் இதில்தான். ஒரு தோழி தன் சிறுகதை மொழிபெயர்ப்பைப் பார்த்துத் தரச் சொன்னாள். பாட்டியின் 'போனி ஹேண்ட்' பேத்தியின் தலையைத் தடவுகிறது. தோழி 'எலும்புக்கை' என்று போட்டிருந்தாள். நானும் முதல் வாசிப்பில் விட்டுவிட்டேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் ஆய்வுக்கூடத்தில் தொங்கும் எலும்புக்கூட்டின் கை அந்தக் குழந்தையின் தலையில் இறங்குவது போல இருந்தது. பாசக் கதை பேய்க் கதை ஆகிவிட்டது. 'நரம்போடிய, வற்றிப்போன கை' என்று மாற்றினோம். எலும்பு என்ற சொல்லே இல்லை. ஆனால் படித்தால் எலும்பு தெரிகிறது.

ஆளைச் சொல்லும்போது இந்தச் சொல்லுக்கு என்ன தொனி என்பதையும் அகராதி விளக்கத்தை வைத்தே பிடிக்கலாம். 'ஸ்லிம்' பாராட்டு. 'தின்' நடுநிலை. 'ஸ்கின்னி' கொஞ்சம் இளக்காரம், சில சமயம் செல்லம். 'கான்ட்' என்றால் நோயோ பசியோ கவலையோ முகத்தை உறிஞ்சிவிட்டது. 'போனி' இவற்றிலிருந்து தள்ளி நிற்கிறது. அது குணத்தைப் பற்றிப் பேசுவதில்லை, உறுப்பைக் காட்டுகிறது. அதனால்தான் அது முழு ஆளோடு வருவதைவிட விரல், முழங்கால், தோள், முகம் என்று ஒரு பாகத்தோடு அதிகம் வருகிறது. நம்மிடம் ஒல்லிக்குச்சி, ஓமக்குச்சி, நோஞ்சான், எலும்பும் தோலும் என்று ஆளுக்கு ஏகப்பட்ட சொற்கள் உண்டு. பாகத்துக்குத்தான் பஞ்சம். ஒல்லியான முழங்கால் என்று யாரும் சொல்வதில்லை. முட்டி துருத்திக்கொண்டு நிற்கிறது, தோள் எலும்பு எடுத்துக்கொண்டு தெரிகிறது என்று வினையால்தான் சொல்கிறோம். பெயரடையைக் கொண்டுபோய்ப் பெயரடையிலேயே இறக்கப் பார்த்தால் இங்கே இடிக்கும். இதை எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை, அந்தப் பாட்டியின் கைதான் சொல்லிக்கொடுத்தது.

பக்கத்திலேயே ஒரு கண்ணிவெடி இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு 'என்' கூடினால் அது 'பானி'. ஸ்காட்லாந்துப் பக்கத்துச் சொல், அழகான, பார்க்க லட்சணமான என்று பொருள். கொழுகொழு குழந்தையைச் சொல்லப் போய் ஓர் எழுத்தைக் குறைத்தால் எலும்பும் தோலுமான குழந்தை ஆகிவிடும். அந்த வீட்டில் அடுத்த முறை காபி கிடைக்காது. இரண்டுக்கும் உச்சரிப்பு வேறு என்பதை இந்த அகராதி தன் ஒலிக்குறிகளால் தெளிவாகக் காட்டுகிறது. குறிகள் பழகப் பத்து நாள் ஆகும், பழகிக்கொள்ளுங்கள். நடுவே 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை நுழைத்து 'போனி' எழுதினால் அது நெப்போலியன், போனபார்ட் என்பதைச் சுருக்கி ஆங்கிலேயர்கள் வைத்த பட்டப்பெயர்.

இன்னொரு வேடிக்கை, 'போன்டு'. பார்த்தால் 'போனி'யின் தம்பி போல இருக்கும், எலும்பு கொண்டது என்று நினைப்போம். சமையலில் அதற்கு நேர்மாறான அர்த்தம். 'போன்' என்பது வினையாக வந்தால் எலும்பை எடுப்பது. ஆக 'போன்டு ஃபிஷ்' முள் நீக்கிய மீன், 'போனி ஃபிஷ்' முள் மண்டிய மீன். என் சமையல் குறிப்பில் ஒரே பக்கத்தில் இரண்டும் வந்திருந்தன. செயலி இரண்டுக்கும் 'எலும்புள்ள' என்றே சொல்லியிருந்தது. குழந்தைக்குக் கொடுக்காதே என்ற மீனையும் கொடு என்ற மீனையும் ஒன்றாக்கிவிடப் பார்த்தேன். அந்த வாரம்தான் செயலியை போனிலிருந்து தூக்கினேன்.

இந்த இடத்தில் அகராதிக்கும் எல்லை வந்துவிடுகிறது. என் மகன் விலங்கியல் பாடத்தை விரித்துக்கொண்டு வந்து, "அம்மா, எலும்பு மீன்கள் தப்புன்னு பாட்டி சொன்னாங்களே, புக்ல அப்படித்தானே இருக்கு?" என்றான். இருக்கத்தான் இருக்கிறது. அங்கே 'போனி ஃபிஷ்' ஒரு பெரிய வகுப்பின் பெயர். எலும்புக்கூடு எலும்பால் ஆன மீன்கள் ஒரு பக்கம். சுறா, திருக்கை மாதிரி குருத்தெலும்பால் ஆனவை மறு பக்கம். அந்தக் கணக்கில் நெய்மீனும் எலும்பு மீன், சாளையும் எலும்பு மீன், கடலில் கிடைப்பதில் பெரும்பாலானவை எலும்பு மீன். அடுப்படிக் கணக்கில் நெய்மீன் 'போனி' இல்லை. நடுமுள்ளை உருவினால் துண்டு துண்டாகச் சதை. சாளைதான் 'போனி'. முள்ளு வாளை பெயரிலேயே ஒத்துக்கொள்கிறது. சாளை, வங்காளிகளின் இலீஷ், இங்கிலாந்தின் ஹெரிங், அமெரிக்காவின் ஷாட் எல்லாம் ஒரே வம்சத்துச் சொந்தங்கள். நடுமுள்ளோடு சேராமல் சதைக்குள்ளேயே தனியாக மயிரிழை மாதிரி முட்கள் கிடக்கும், அதுதான் தொல்லை. சுறாவில் அந்தத் தொல்லை கிடையாது. வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்ய அது தோதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மகனுக்குச் சொன்னேன், பரீட்சையில் எலும்பு மீன், பாட்டியிடம் முள்ளு மீன். அகராதியின் மூன்றாம் பொருளிலிருந்து இந்த விலங்கியல் அர்த்தத்தை நாமே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாம் பொருளும் மூன்றாம் பொருளும் ஒரே 'போனி ஃபிஷ்' என்ற தொடரில் மோதிக்கொள்ளும் என்ற எச்சரிக்கைக்கு அந்த நாலைந்து வரியில் இடமில்லை. அதற்கு மாமியாரும் மகனும் வேண்டும்.

துண்டுப் பிரசுரத்துக்கும் அப்படித்தான். 'மெலிந்து எலும்பு தெரிகிற' என்ற முதல் பொருளைக் கொண்டுபோய் அங்கே போட்டாலும் தப்பு. படுக்கைப் புண் ஒல்லியானவர்களுக்கு மட்டும் வருவதில்லை. நூறு கிலோ ஆளுக்கும் குதிகாலில் சதை கொஞ்சம்தான். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி, அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் போவதுதான் பிரச்சினை. பின்தலை, தோள்பட்டை, முழங்கை, முதுகெலும்பின் அடி, இடுப்பின் பக்கவாட்டு, கணுக்கால், குதிகால் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். நர்ஸிடம் திருப்பிப் போன் செய்து, நீங்கள் வீட்டுக்காரர்களிடம் வாயால் எப்படிச் சொல்லுவீர்கள் என்று கேட்டேன். "மொளி மொளியா எலும்பு முட்டிக்கிட்டு இருக்கிற இடம்னு சொல்லுவேன் அக்கா" என்றார்.

மொளி! எழுத்தில் மொழி. கணுக்கால் மொழி, விரல் மொழி, கரும்பு மொழி. எலும்பு புடைத்த கணுவுக்கும் நாம் பேசும் பாஷைக்கும் தமிழில் ஒரே எழுத்துதான். மொழிபெயர்ப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும் எனக்கு அது 19 வருடம் கழித்து ஒரு வார்டு நர்ஸ் வாயால் ஞாபகத்துக்கு வந்தது. கடைசியில் 'எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடங்கள்' என்று எழுதி, அடுத்த வரியில் இடங்களைப் பெயர் சொல்லியே வரிசைப்படுத்தினோம். 'மொழி' என்று அச்சில் போட்டால் பாதிப் பேர் வேறு அர்த்தம் எடுப்பார்கள் என்பதால் விட்டோம். எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அகராதியைப் பற்றி மிச்சம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து பொடி. வெள்ளெழுத்து தொடங்கியவர்கள் கண்ணாடி இல்லாமல் அடைப்புக்குறியைப் பார்க்க முடியாது, அதைப் பார்க்காவிட்டால் வாங்கியதே வீண். 7ஆம் பதிப்போடு ஒரு சி.டி. வந்தது. பழைய கடையில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், என் மடிக்கணினியில் அதைச் செருக இடமே கிடையாது. மிக அடிப்படையான 3000 சொற்களுக்குச் சாவி அடையாளம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எதை முதலில் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்ய அது உதவும். இதே அகராதியை ஆக்ஸ்போர்டின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், உச்சரிப்பைக் காதால் கேட்கலாம். போன் கையில் இருக்கும்போது நானும் அங்கேதான் போகிறேன். ஆனாலும் ஒரு சொல்லைத் தேடி, பக்கத்துச் சொல்லில் விழுந்து எழுவது காகிதத்தில்தான் நடக்கிறது. 'போனி'யைத் தேடப் போய் 'பானி'யைப் பார்த்தது அப்படித்தான்.

தமிழ் அர்த்தம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது. ஒரு சொல் தமிழ்கூட இதில் இல்லை. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே புரிந்துகொண்டு, தமிழை அடுப்படியிலும் வார்டிலும் தேடிக்கொள்ளத் தயார் என்பவர்கள் வாங்கலாம். மருத்துவம், சட்டம் என்று துறைச் சொற்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது மட்டும் போதாது. எலும்பு சம்பந்தமாகவே 'ஆசியஸ்' என்று லத்தீன் வழி வந்த ஒரு பெயரடை உண்டு, டாக்டர்கள் எழுதுவது. அர்த்தம் 'போனி'யின் மூன்றாம் பொருள்தான். ஆனால் அதை முழங்காலுக்கோ சாளைக்கோ யாரும் அடைமொழியாக வைப்பதில்லை. எந்தச் சொல் எந்த வாசலில் செருப்பைக் கழற்றும் என்பதற்குத் துறைசார்ந்த கலைச்சொல் அகராதி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும்.

வாங்குபவர்களுக்கு ஒரு யோசனை. பழைய புத்தகக் கடையில் அட்டையைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். இத்தனை கனமான புத்தகம் முதலில் விடுவது அங்கேதான். என்னுடையதில் 'எஸ்' பக்கங்களில் ஒரு கற்றை தையல் விட்டிருந்ததை ரயிலில்தான் கவனித்தேன். ஃபெவிகால் போட்டு, அம்மிக்கல்லை மேலே வைத்து ஒரு ராத்திரி விட்டேன். மாமியார் காலையில் சட்னி அரைக்க வந்து, கல்லுக்கடியில் அகராதியைப் பார்த்துவிட்டு, "மீனுக்கு முள்ளுன்னு எழுதியிருக்கா இதுல?" என்று கேட்டார்.

இல்லை அத்தை, நான்தான் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.